குமாஸ்தாவின் முதுகும் உழைப்பாளியின் முதுகே!

"விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகத்தில் வலி என்ன வேண்டிக் கிடக்கிறது?"

இப்படி ஒரு முதலாளி கேட்டால் ஆச்சரியமில்லை. வலியை வலி என்று ஒப்புக்கொண்டால் அதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டி வருமே என்ற கவலை அவருக்கு. ஆனால் நாள் முழுவதும் தறிக்கு முன்னால் நிற்கும் தோழரும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தோழரும் சில நேரங்களில் இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்களே, அங்கேதான் நமக்குச் சங்கடம்.

மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து உழைப்பவர்கள் யார், தோழர்களே? மாளிகைவாசிகளா? பாங்கிக் கவுண்டரில் இருப்பவர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் கோப்பு பார்ப்பவர், தாலுகா ஆபீஸ் தட்டெழுத்தர், கோர்ட்டு வாசலில் பக்கத்துக்கு இத்தனை என்று கூலி வாங்கி டைப் அடிப்பவர், இ-சேவை மையத்தில் மனுக்களைப் பதிவு செய்பவர், கால் சென்டரில் இரவு முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அயல்நாட்டானின் ஏச்சைக் கேட்பவர் - இவர்கள்தாம் அவர்கள். மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள். மாலையில் வீடு திரும்பும்போது அந்தப் பிள்ளைக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சோற்றைப் பிசையக் கை கூசுகிறது. "உனக்கென்ன கஷ்டம்?" என்று நாமே கேட்டுவிட்டால், அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

இந்த வலி வேலையால் வரும் வலி. இதற்கு வைத்தியம் உண்டு. அந்த வைத்தியத்தில் ஒரு பாதி டாக்டரிடம் இருக்கிறது. மறு பாதி சங்கத்திடம் இருக்கிறது. இரண்டையும் பற்றிப் பேசுவோம்.

முந்நூறு வருஷத்து வழக்கு

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த நோய் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நோய் கம்ப்யூட்டரைவிட வெகு மூத்தது. இத்தாலி நாட்டில் பெர்னார்டினோ ரமாஜினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி மட்டுமே ஒரு நூலை 1700-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். நோயாளியின் நாடியைப் பார்க்கும் டாக்டர், "உனக்கு என்ன தொழில்?" என்றும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்திய மனிதர் அவர். 1713-இல் அந்த நூலை விரிவாக்கியபோது எழுத்து வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய துன்பத்துக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது ஒன்று, கை ஒரே போக்கில் ஓயாமல் அசைவது இன்னொன்று, பிழை வந்துவிடக் கூடாதே என்று மனம் ஓயாமல் பதைப்பது மூன்றாவது.

தமக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரின் கதையையும் ரமாஜினி சொல்கிறார். எழுதி எழுதி அந்த மனிதருடைய வலது கை அடியோடு செயலற்றுப் போயிற்று. வயிறு இருக்கிறதே! இடது கையால் எழுதப் பழகினார். வெகு காலம் ஆவதற்குள் இடது கையையும் அதே நோய் பிடித்துக்கொண்டது. பேனா போய் விசைப்பலகை வந்திருக்கிறது. ஆனால் ரமாஜினி சொன்ன மூன்று காரணங்களில் எது இன்றைக்கு மாறியிருக்கிறது?

பிறகு தந்தி வந்தது. தந்திச் சாவியை நாள் முழுக்கத் தட்டியவர்களின் கைகள் இழுத்துக்கொண்டன. 1908-இல் பிரிட்டனில் 'தந்தியாளர் கைப்பிடிப்பு' நஷ்டஈட்டுக்கு உரிய தொழில் நோயாகச் சட்டத்தில் ஏறியது. அதை விசாரிக்க ஒரு கமிட்டியும் போட்டார்கள். 1911-இல் அறிக்கை கொடுத்த அந்தக் கமிட்டி என்ன சொல்லிற்று? கை ஓயாமல் களைத்துப் போவது ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டது. கூடவே, தந்தியாளரின் நரம்பு பலவீனம் இன்னொரு காரணம் என்று ஒரு பழியையும் சேர்த்தது!

1980-களில் ஆஸ்திரேலியாவிலும் அதே கூத்து நடந்தது. டெலிபோன் இலாகாவிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் விசைப்பலகையில் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைவலி என்று வந்து நின்றார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். "இது காயம்" என்றார்கள் சில டாக்டர்கள். "இது மனக்கோளாறு" என்றார்கள் வேறு சில டாக்டர்கள்.

மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. அவசரமும் அச்சமும் தசையை இறுக்குகின்றன என்பது மருத்துவம் ஏற்கும் உண்மை. நாம் கேட்பது வேறு. அந்த அவசரத்தை உண்டாக்கியவர் யார்? இத்தனை நிமிஷத்துக்கு இத்தனை மனு, இத்தனை அழைப்பு என்று கணக்கு வைத்தவர் யார்? சுமையை ஏற்றியவரை விட்டுவிட்டு, சுமந்தவனின் முதுகைக் குறை சொல்லுவது என்ன நியாயம்?

உட்கார்ந்தால் உடம்பு நோகுமா?

நோகும். மூட்டை சுமக்கும் தோழருக்கு இது எளிதில் விளங்கும். சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, தூக்கிய சுமையை அசையாமல் பிடித்தபடி நிற்பதுதானே சீக்கிரம் கடுக்கிறது? ஒரு சொம்புத் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சில நிமிஷங்களில் தோள் கெஞ்சும். தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் தாராளமாக ஓடும். சுருங்கியது சுருங்கியபடியே நின்றால் ஓட்டம் குறைகிறது, களைப்பு தேங்குகிறது, வலி பிறக்கிறது.

நமது தலை ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். திரையைப் பார்ப்பதற்காக அது முன்னால் நீண்டு நிற்கும்போது பிடரித் தசைகள் அதை மணிக்கணக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுதான் கழுத்து வலி, தோள்பட்டை வலி, பின்மண்டையிலிருந்து ஏறும் தலைவலி. இடுப்பும் அப்படியே. எட்டு மணி நேரம் ஒரே வளைவில் இருந்தால் தசையும் மூட்டும் விறைத்துப்போகின்றன. 2020-ஆம் ஆண்டில் உலகத்தில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இவர்கள் அத்தனை பேரும் குமாஸ்தாக்கள் அல்லர். சுமப்பவரும் குனிபவரும் ஓட்டுபவரும் உட்காருபவரும் ஒரே கணக்கில் இருக்கிறார்கள். வலியிலாவது நாம் ஒரே வர்க்கம்!

கையின் கதை வேறு. மணிக்கட்டில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் நாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். நடு இரவில் எழுந்து கையை உதறத் தோன்றும். 'கார்ப்பல் டன்னல்' என்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது இதைத்தான். சர்க்கரை நோய், தைராய்டுக் கோளாறு, கர்ப்பம் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். ஆகவே சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அதற்குப் பெயர் 'டென்னிஸ் எல்போ'. டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் காணாத நம் ஆட்களுக்கு அந்தப் பெயரில் ஒரு நோய்!

வைத்தியம் என்ன?

முதலில் ஆபத்தான வலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டிக்கொண்டால், அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போனால், தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்தால், கால் பலமிழந்து தொய்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, உடல் இளைப்போடு வரும் வலி, விழுந்த பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் தைலத்தில் தீர்க்கப் பார்க்கக் கூடாது. இடது தோளும் கையும் வலித்து, மார்பு அடைத்து, வியர்த்துக் கொட்டினால் அது மேஜை வேலையின் வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம்.

இவை இல்லாத சாதாரணக் கழுத்து வலியும் இடுப்பு வலியும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். அதற்கு மருந்து படுக்கை அல்ல. ஓரிரு நாளைக்கு மேல் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி நீடிக்கிறது. முடிந்த அளவு நடமாடுவதும், மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்புவதும்தான் இன்றைய மருத்துவத்தின் முடிவு. வெந்நீர் ஒத்தடமோ தவிட்டு ஒத்தடமோ சுகம் தரும், தாராளமாகக் கொடுக்கலாம். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சில நாளைக்கு மட்டும் போட வேண்டும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக் கணக்கில் விழுங்குபவர்கள் வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள், சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

"எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று கேட்டதும் இடிந்து போகிறவர்கள் அநேகம். தலை நரைப்பதுபோல, வயது ஏற ஏற எலும்பிலும் அந்தத் தேய்மானம் தெரியத்தான் செய்யும். வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு அது இருக்கும். ஆபத்துக் குறி இல்லாதபோது முதல் நாளே ஸ்கேனுக்குப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. நீடித்த இடுப்பு வலிக்கு பெல்ட் கட்டுவதையும், எடை தொங்கவிட்டு இழுப்பதையும் வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அது பரிந்துரைப்பவற்றில் முக்கியமானது உடற்பயிற்சி.

இன்னொரு எச்சரிக்கை. முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடுக்கெடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் கழுத்து எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. அந்தக் குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரும். ஒரு நிமிஷத்துச் சுகத்துக்காக ஆயுளைப் பணயம் வைக்க வேண்டாம்.

கை மரத்துப் போகிறவர்கள், மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கும்படி ஒரு பட்டையை இரவில் மட்டும் கட்டிக்கொண்டு படுத்தால் பலருக்குச் சில வாரங்களில் குணம் தெரியும். தெரியாவிட்டால் ஊசி உண்டு, சிறிய அறுவைச் சிகிச்சையும் உண்டு. கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கிவிட்டதென்றால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பயிற்சிக்கு ஜிம்னாசியம் வேண்டியதில்லை. முகவாயைப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது. இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகுக்குப் பின்னால் நெருக்குவது. கையை நீட்டி விரல்களை மறு கையால் மெல்லப் பின்னுக்கு வளைப்பது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இவற்றைப் பத்துப் பத்து முறை காலையிலும் மாலையிலும் செய்யலாம். தினம் அரை மணி நேரம் வீசி நடக்க வேண்டும். வலி அதிகமானால் நிறுத்திவிட்டுப் பிசியோதெரபி நிபுணரைப் பார்க்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அவர்கள் இருக்கிறார்கள். தயங்காமல் போய்க் கேளுங்கள்.

மேஜையைச் சரிசெய்வோம்

பாதம் தரையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் காலுக்கடியில் ஒரு பலகை. முழங்கை ஏறத்தாழ 'ட' எழுத்தைப் போல மடங்கியிருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண்ணின் மட்டத்துக்கு வர வேண்டும். ஒரு கை நீளம் தள்ளியிருக்க வேண்டும். நாற்காலிக்கு இடுப்பில் அணைப்பு இல்லையென்றால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். 2020-இல் கொரோனாவோடு வந்த 'வீட்டிலிருந்தே வேலை' பலரைக் கட்டிலிலும் தரையிலும் மடிக் கணினியோடு குனிய வைத்தது. அப்படி வேலை செய்பவர்கள் தடித்த புத்தகங்களை அடுக்கி மடிக் கணினியை உயர்த்திவிட்டு, தனியாக ஒரு விசைப்பலகையை வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணுக்கு ஒரு வார்த்தை: திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்.

ஆனால் தோழர்களே, எவ்வளவு உயர்ந்த நாற்காலியானாலும் அதில் அசையாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது தண்டனைதான். சரியான நிலை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே உறைந்துபோவது வைத்தியமாகாது. அரை மணிக்கு ஒரு தரம் நிலையை மாற்ற வேண்டும், எழ வேண்டும், நாலடி நடக்க வேண்டும். இதுதான் தலையாய மருந்து.

எழுந்திருக்க யாரைக் கேட்பது?

இங்கேதான் சங்கதி டாக்டரின் கையை விட்டு வெளியே வருகிறது. எழுந்து நடக்கச் சொல்கிறார் டாக்டர். எழுந்தால் முறைக்கிறார் மானேஜர். தண்ணீர் குடிக்கப் போன நிமிஷத்தையும் கணக்கு வைக்கிறது கால் சென்டர்க் கம்ப்யூட்டர். பக்கக் கூலிக்கு டைப் அடிப்பவர் எழுந்தால் அன்றைய கூலியில் விழுகிறது துண்டு. மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது. மருந்து முதலாளியின் பூட்டுக்குள் இருக்கிறது!

ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றே கால் வீங்கிய பெண்கள் கேரளத்தில் போராடினார்கள். 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அந்தப் பிரிவு சேர்ந்தது. நிற்பவருக்கு உட்காரும் உரிமை நியாயம் என்றால், உட்கார்ந்தே கிடப்பவருக்கு எழுந்திருக்கும் உரிமை மட்டும் எப்படி அநியாயமாகும்?

ஐரோப்பாவில் 1990-லேயே திரை முன் வேலை செய்பவர்களுக்காக விதி வகுத்தார்கள். அதையொட்டி பிரிட்டன் 1992-இல் சட்ட விதி செய்தது: மேஜையையும் நாற்காலியையும் சோதிப்பது முதலாளியின் கடமை, நடுநடுவே ஓய்வோ வேறு வேலையோ கொடுப்பது அவர் கடமை, சிப்பந்தி கேட்டால் கண் பரிசோதனைச் செலவும் அவருடையதே.

நம் நாட்டில் என்ன நிலைமை? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களின் அட்டவணை ஒன்று இருந்தது. ஈயம், பாதரசம், ஆஸ்பெஸ்டாஸ், இரைச்சலால் வரும் செவிடு எல்லாம் அதில் உண்டு. விசைப்பலகையில் தேய்ந்த மணிக்கட்டும், நாற்காலியில் ஒடிந்த இடுப்பும் அதில் இல்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி 29 சட்டங்களை விழுங்கிவிட்டு 4 தொகுப்புகள் அமலுக்கு வந்தன. நோயின் அட்டவணையோ ஏறத்தாழ அதே பழைய அட்டவணை! சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-லேயே தன் தொழில் நோய்ப் பட்டியலில் தசைநாண் வீக்கத்தையும் கார்ப்பல் டன்னலையும் சேர்த்துவிட்டது. ஜெனீவாவில் நோயாக இருப்பது நம் ஊரில் மட்டும் சோம்பலாகிவிடுமா?

கேட்க வேண்டியதைக் கேட்போம்

சங்கங்களின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடும் பஞ்சப்படியோடும் இவையும் ஏறட்டும்.

ஒன்று: மணிக்கு ஐந்து நிமிஷமாவது எழுந்து நடக்கச் சம்பளத்தோடு கூடிய ஓய்வு. இரண்டு: உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, தகுந்த மேஜை, ஒப்பந்தச் சிப்பந்திக்கும் அதே நாற்காலி. மூன்று: வலி என்று முதலில் சொல்லும்போதே வேலையை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு, அதற்காக வேலை நீக்கமோ சம்பள வெட்டோ கூடாது. நான்கு: கழுத்து, கை, இடுப்பு நோய்களைத் தொழில் நோய் அட்டவணையில் சேர்த்தல்.

ஆபீசுத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வலி வந்த நாளையும், அன்று பார்த்த வேலையையும் குறித்து வையுங்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் உங்கள் தொழிலைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேரின் சீட்டு ஒன்று சேர்ந்தால் அது வலி அல்ல, சாட்சியம்!

இது நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நமது சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. அந்த மே தினத்தன்றே மசோதா வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. ஆலைத் தொழிலாளியின் எட்டு மணி நேரத்தைக் காத்த அதே ஒற்றுமை, மேஜைத் தொழிலாளியின் ஐந்து நிமிஷத்தை வாங்கித் தராதா?

ஆலைத் தோழரே, குமாஸ்தாவின் கோரிக்கையில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். குமாஸ்தாத் தோழரே, ஆலை வாசல் கூட்டத்தில் உங்கள் காலடியும் படட்டும். நடப்பது இடுப்புக்கும் நல்லது, இயக்கத்துக்கும் நல்லது!